கேஃபர் வீட்டு மாடிவழி

ரோஸ்வித்தா கேஃபர் அதிகம் பேசமாட்டாள். ஏரிக்கு அக்கரையில் இருக்கிற பல் மருத்துவமனையில் முப்பத்தோரு வருஷமாக உதவியாளர். எதிரே ஒருவர் வாயைத் திறந்தபடி, பதில் சொல்ல வழியில்லாமல் படுத்திருக்கும்போது மட்டும் அவளுக்குப் பேச்சு வரும். எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய அன்று, ஐந்தாம் வகுப்பில் நான் அவளுடைய பனிச்சறுக்குக் கட்டையை உடைத்ததை ஆதியோடந்தமாக எடுத்துச் சொன்னாள். அதற்காக நாற்பது வருஷம் காத்திருந்திருக்கிறாள். அப்படிப்பட்ட அழுத்தக்காரி.

நான் எகோன். ஸேவாண்ட் ஊருக்குத் தபால்காரன். ஊரில் எழுநூற்று இருபது பேர் இருக்கிறோம். கோடையில் ஒரு நாளைக்கு எட்டாயிரம் பேர் எங்களைப் பார்க்க வருகிறார்கள். எங்களை என்றா சொன்னேன்? தப்பு. எங்கள் வீடுகளைப் பார்க்க வருகிறார்கள். நாங்கள் நடுவில் நின்று படத்தைக் கெடுக்கிறவர்கள். போன வருஷம் ஒரு அம்மாள் என்னிடம், சாயங்காலம் எத்தனை மணிக்கு ஊரை மூடுவீர்கள் என்று கேட்டாள். ஆறு மணிக்கு என்று சொல்லிவிட்டேன். அவளும் நல்ல மாதிரியாக ஆறு மணிக்குப் பேருந்து ஏறிவிட்டாள்.

ஏரிக்கும் மலைக்கும் நடுவில் எங்களுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம். ஒரு வீட்டின் கூரை அளவில்தான் அடுத்த வீட்டின் வாசல் தொடங்கும். கீழே தெரு என்று ஒன்று வந்ததே பின்னால்தான். அதற்கு முன்பு ஏரியிலிருந்து படகில் வந்து இறங்கி, ஒருவர் வீட்டு மேல்மாடி வழியாக இன்னொருவர் வீட்டுக்குப் போனார்கள். அந்த வழிகளில் மிச்சம் இருந்தது கேஃபர் வீட்டு மாடிவழி ஒன்றுதான். தெருவிலிருந்து பக்கவாட்டுப் படி ஏறி, அவள் வீட்டு மேல்மாடியின் கீழைக் கதவில் நுழைந்து, இருபத்திரண்டு எட்டு நடந்து, மேலைக் கதவில் வெளியே வந்தால் மேல்சந்து. அங்கே மூன்று வீடுகள். அந்த மூன்று வீட்டுக்காரர்களுக்கும் இந்த வழியில் போகவர உரிமை உண்டு என்று நிலப் பதிவேட்டிலேயே எழுதியிருக்கிறது. அந்த வீடுகளில் யாராவது இறந்தால் சவப்பெட்டியும் இந்த வழியாகத்தான் மாதா கோயிலுக்கு இறங்கும். சுற்றிப் போக அருவிப் படி ஒன்று உண்டு. நூற்றுத் தொண்ணூற்றாறு படிகள். என் இரண்டு முழங்காலுக்கும் ஒவ்வொரு படியையும் பெயர் சொல்லித் தெரியும்.

அந்த இருபத்திரண்டு எட்டுக்குள்தான் ரோஸ்வித்தாவின் வாழ்க்கை பாதி கிடந்தது. ஒரு பக்கம் துணி காயப் போடும் கொடி. மறு பக்கம் ஆப்ரிகாட் ஜாம் பாட்டில்கள் அடுக்கிய பலகை. நடுவில் ஒரு மேசை. அதை ஒட்டி ஒரு சின்ன அறை. அவள் பிறந்ததே அந்த அறையில்தான். அப்பா உப்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், அம்மா தையல்காரி. இருபத்திநாலு வயதில் ஏரிப் படகு ஓட்டுகிற ஹூபர்ட்டைக் கட்டிக்கொண்டாள். அவனும் பேசாத ஆள். ஒரே பிள்ளை வளர்ந்து வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டான். இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை மேசையில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள், நான் கடிதப் பையோடு நடுவில் நடந்து போவேன். ஞாயிற்றுக்கிழமை ஏது கடிதம் என்று கேட்காதீர்கள். மேல்சந்தில் சீட்டாட்டம் இருந்தது.

மேல்சந்துக்காரர்களுக்காகக் கதவுகள் பகலெல்லாம் திறந்தே கிடக்கும். திறந்து கிடந்தால் வருகிறவர்கள் விடுவார்களா? முதலில் நாளுக்குப் பத்துப் பேர் வழி தவறி வந்தார்கள். பிறகு ஒரு பெண் இந்த வழியைப் படம் பிடித்து, யாருக்கும் தெரியாத ரகசியப் பாதை என்று போட்டாள். அன்றோடு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கொடியில் தொங்கிய ரோஸ்வித்தாவின் உள்பாவாடையை ஒருவன் படம் எடுத்தான். ஒரு குடும்பம் மேசையில் உட்கார்ந்து, ஜாம் பாட்டிலைத் திறந்து, விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மிகவும் அருமை என்று துண்டுக் காகிதம் வைத்துப் போனது. இன்னொருவர் அவளிடமே வந்து, இங்கே குடியிருப்பதற்கு அரசாங்கம் உங்களை வேலைக்கு வைத்திருக்கிறதா என்று மரியாதையாக விசாரித்தார். அவள் பல் மருத்துவமனைச் சீருடையில் இருந்தாள். எந்த நூற்றாண்டு உடை என்று நினைத்தாரோ.

அதெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு மே மாதம் ஹூபர்ட் மாரடைப்பில் போய்விட்டான். படகைக் கட்டிவிட்டு, கயிற்றை ஒழுங்காகச் சுற்றி வைத்துவிட்டு, துறையிலேயே உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. எங்கள் வழக்கப்படி அவனை ஒரு நாள் வீட்டில் கிடத்தினார்கள், அந்தச் சின்ன அறையில். ஊர்க்காரர்கள் ஒரு கதவில் வந்து, தீர்த்தம் தெளித்து, மறு கதவில் போனார்கள். தலைமாட்டில் மெழுகுவர்த்தி. பக்கத்து நாற்காலியில் மேல்சந்து வெண்டெலின் ஹோல். அப்போது அவருக்கு எண்பது வயது. பழைய சுரங்கத் தொழிலாளி, ரோஸ்வித்தா அப்பாவின் கூட்டாளி. தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார்.

பதினோரு மணிக்கு ஒருவர் வந்தார். நல்ல கோட்டு, கழுத்தில் கேமரா. அறை வாசலில் நின்று, எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மூன்று படம் எடுத்தார். பிறகு ரோஸ்வித்தாவின் பக்கம் குனிந்து மெல்லக் கேட்டார்.

"மெழுகுப் பொம்மையா?"

"இல்ல, என் வீட்டுக்காரர்" என்றாள் அவள்.

அந்த மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. என்னென்னவோ மன்னிப்புக் கேட்டார், கையைப் பிடித்தார், கண்கூடக் கலங்கினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கதவு திறந்திருக்கிறது, வீடு பழசு, வத்தி எரிகிறது. வழியெல்லாம் அருங்காட்சியகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவருக்கு இது மட்டும் வீடு என்று யார் சொன்னது? வெண்டெலின் எழுந்துபோய் இரண்டு கதவுகளையும் சாத்தினார். ஐந்து நிமிஷத்தில் வேறு யாரோ திறந்தார்கள். ரோஸ்வித்தா வத்தியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

அந்த அக்டோபர் பதினாலாம் தேதி அவள் இரண்டு கதவுகளுக்கும் பூட்டுப் போட்டாள்.

அன்றே ஒரு சாவியை எடுத்துக்கொண்டு அருவிப் படி வழியாகச் சுற்றி மேல்சந்துக்கு வந்தாள். தன் வீட்டு வழியாக வரவில்லை, கவனியுங்கள். அங்கே மூன்று வீட்டில் இரண்டை வியன்னாக்காரர்கள் விடுமுறைக்கென்று வாங்கி, வருஷத்தில் பதினைந்து நாள் வந்து போகிறார்கள். நிரந்தரமாக இருப்பது வெண்டெலின் ஒருவர்தான். அவர் வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு வந்த பத்திரிகையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"இது உங்களுக்கு. எப்ப வேணாலும் தொறந்துக்குங்க. போகும்போது பூட்டிட்டுப் போனா போதும்" என்றாள்.

அவர் சாவியைத் தொடவில்லை. "எங்க அப்பா அந்த வழியா போனாரு. அவரோட அப்பா போனாரு. யாரும் சாவி வாங்கிட்டுப் போகல."

"அவங்க பின்னாடி எட்டாயிரம் பேர் வரல."

"எட்டாயிரம் பேர நானா கூட்டிட்டு வந்தேன்?"

"கதவ யாருக்காகத் தொறந்து போட்டோம்?"

"அது உன் தயவில்லம்மா, எனக்கு உரிமை. சாவிய வாங்கிட்டேன்னா நாளைக்கு உன் தயவாயிடும்."

"அப்ப சுத்திப் போங்க."

"போறேன்."

அவள் சாவியை விறகின்மேல் வைத்துவிட்டு இறங்கினாள். பெரியவர் அதை எடுத்து என் பைக்குள் போட்டு, "இத அவ வீட்டுல குடுத்துடு" என்றார். என் சர்வீஸில் தபால்தலை இல்லாமல் நான் கொண்டுபோய்க் கொடுத்த ஒரே பொருள் அதுதான். கொடுக்கும்போது சமயம் பார்த்துக் கேட்டேன்.

"அவருக்கு வேண்டாமாம். எனக்காவது ஒண்ணு குடேன் ரோசி. என் முட்டியப் பாரு."

"உனக்கு நடக்கத்தானேடா சம்பளம்" என்று சாவியை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கும் பெரியவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஊரில் பாதி அவள் பக்கம், பாதி அவர் பக்கம். எனக்குப் பக்கம் கிடையாது, படிதான்.

நகராட்சி அலுவலகத்தில் டாக்மார் என்று ஒரு பெண் இருக்கிறாள். பதிவேடெல்லாம் அவள் கையில். சட்டம் என்ன சொல்கிறது என்று அவளிடம் கேட்டேன்.

"மூணு வருஷம். கதவு பூட்டி இருக்கணும், பூட்டினது அவருக்குத் தெரியணும், அவர் கோர்ட்டுக்குப் போகாம இருக்கணும், வியன்னாக்காரங்க எப்படியும் போக மாட்டாங்க. அவ்வளவுதான், வழி செத்துடும். அப்புறம் அது ரோஸ்வித்தா வீட்டு மாடி. யார் கேட்டும் ஒண்ணும் பண்ண முடியாது."

"வாயால சண்ட போட்டா?"

"வாய்ச் சண்டைக்கு மதிப்புண்டுன்னா நம்ம ஊர்ல ஒரு வழியும் சாகாதே. காகிதம் வேணும். ஒரு பக்கம் போதும். நான் எழுதி வச்சிருக்கேன், பெரியவர் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

பெரியவர் கையெழுத்துப் போடவில்லை. முதல் வருஷம் கேட்டோம், "பாக்கலாம்" என்றார். இரண்டாம் வருஷம் கேட்டோம், "பாக்கலாம்" என்றார். எண்பத்திரண்டு வயதில் ரொட்டிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நூற்றுத் தொண்ணூற்றாறு படியும் ஏறினார். பாதி வழியில் அருவிப் பக்கம் நின்று தண்ணீரை ரசிக்கிற மாதிரி மூச்சு வாங்குவார். வருகிறவர்கள் அவரையும் படம் எடுத்தார்கள். அவர் கடைசி நேரத்தில் சரியான அடி கொடுப்பார் என்று அவர் பக்கத்துப் பாதி ஊர் காத்திருந்தது.

ரோஸ்வித்தாவும் அதைத்தான் எதிர்பார்த்தாள். பூட்டு விழுந்த பிறகு அவள் வீட்டில் ஓர் அமைதி வந்திருந்தது. மேசைமேல் மேசைவிரிப்பு விரித்தாள். ஹூபர்ட் கிடந்த அறையில் கட்டிலைப் போட்டு அங்கேயே தூங்கினாள். வெளியே கதவை ஆட்டிப் பார்க்கிறவர்கள் ஆட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் உள்ளே வர முடியவில்லை. அது போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு மூன்று வருஷமும் இருந்தது. என் கையில் நீளமான உறை எதைப் பார்த்தாலும், "கோர்ட்டுலேர்ந்தா?" என்பாள். "மின்சாரம்" என்பேன். வாங்கிக்கொண்டு போவாள்.

மூன்றாம் வருஷத்தின் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நகராட்சி அலுவலகம் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். டாக்மார் காலையில் அந்தக் காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டாள்.

"நீ மேல போறல்ல? கையெழுத்து வாங்கிட்டு வந்துடு. மத்தத நான் மெயில்ல கோர்ட்டுக்கு அனுப்பிடறேன்."

தபால்காரன் இதிலெல்லாம் தலையிடக் கூடாதுதான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு என் குறுக்குவழி திரும்ப வேண்டும். ரோஸ்வித்தாமேல் எனக்குப் பரிதாபம் இருந்தது. அந்தப் பரிதாபத்தைவிட என் முட்டி பெரிசாக இருந்தது. காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

வெண்டெலின் அடுப்பங்கரையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். காகிதத்தை மேசையில் விரித்து, பேனாவையும் திறந்து வைத்தேன்.

"பெரியவரே, இன்னிக்கு விட்டா போச்சு."

"தெரியும்."

"பன்னெண்டு மணிக்குள்ள குடுக்கணும்."

"தெரியும்டா."

"அப்ப போடுங்க."

அவர் வெங்காயத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். பேனாவை எடுத்து மூடினார்.

"அன்னிக்கு அந்த நாற்காலில உக்காந்திருந்தவன் நான். 'மெழுகுப் பொம்மையா'ன்னு கேட்டப்ப அவ மொகத்த நீ பாத்தியோ இல்லியோ, நான் பாத்தேன். எழுந்து போய்க் கதவச் சாத்தினேன். நான் சாத்துனது யாருக்காவது உறைச்சுதா? என் வழியா இருக்கறதால அவ பூட்ட முடியாம நிக்கிறான்னு எனக்கு அப்பவே தெரியும்."

"அப்ப சாவிய வாங்கியிருக்கலாமே? அவளும் நிம்மதியா இருந்திருப்பா, நீங்களும் படி ஏற வேணாம்."

"சாவிய வாங்கினா வழி உசுரோட இருக்கும். நான் போன பிறகு என் வீட்டையும் எவனாவது வியன்னாக்காரன் வாங்குவான். அவன் பதிவேட்டப் பாப்பான். கதவத் தொறன்னுவான். தங்க வர்றவனையெல்லாம் அவ மாடி வழியா நடத்துவான். நான் இருக்கும்போதே சாகடிச்சாத்தான் உண்டு."

மூன்று வருஷமாக எல்லாரும் இந்த மனுஷரைப் பிடிவாதக்காரர் என்று திட்டியிருக்கிறோம். பிடிவாதக்காரர்தான். ஆனால் எதில் பிடிவாதம் என்பதை நாங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தோம்.

"இத அவகிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா நன்றி சொல்ல வருவா. ஜாம் கொண்டுவருவா. எனக்கு எதுக்கு அந்தத் தொல்ல? நீயும் சொல்லாத. நான் இருக்கறவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது."

"அப்ப உங்க பெட்டி எப்படிக் கீழ எறங்கும்? அருவிப் படி வளைவுல ஆறு பேர் திரும்பவே முடியாதே."

"நான் செத்துக் கெடப்பேன், எனக்கென்ன கஷ்டம்? முதுகு ஒடியப் போறது உங்களுக்கு."

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். டாக்மாரிடம், போடமாட்டேன் என்கிறார் என்று மட்டும் சொன்னேன்.

அன்று ரோஸ்வித்தா மருத்துவமனைக்கு விடுப்புப் போட்டிருந்தாள். அஞ்சு மணிக்கு அவளுடைய கடிதத்தைக் கொடுக்கத் தெருவாசல் வழியாக உள்ளே போனபோது, மேலைக் கதவுக்கு உள்ளே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேதானாம். கைக்கெட்டும் தூரத்தில் காபி ஆறிப் போயிருந்தது. பெரியவர் வந்து கதவைத் தட்டி, திற என்று சாட்சியோடு கேட்பார் என்று நினைத்திருக்கிறாள்.

"வந்தாரா ஆபீசுக்கு?"

"வரல."

"ஒடம்பு முடியலியா?"

"நல்லாத்தான் இருக்கார். வெங்காயம் உரிச்சிட்டிருக்கார்."

அவள் கொஞ்ச நேரம் கதவையே பார்த்தாள். ஜெயித்த ஆள் மாதிரியே இல்லை. சும்மா இல்லாமல் நான் வாயைக் கொடுத்தேன்.

"சந்தோஷமா ரோசி? ஊரே நடந்த வழி, இனிமே உனக்கு மட்டும்தான்."

அதற்குப் பிறகு அவள் பேசியதுதான், வாயைத் திறந்து படுத்திருக்காத ஓர் ஆளிடம் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டது.

"நான் பொறந்ததுலேர்ந்து இந்த வழியா ஆள் போறாங்க. நான் தலைய வாரிட்டு நிக்கிறப்ப போயிருக்காங்க. பிள்ளைக்குப் பால் குடுக்கறப்ப போயிருக்காங்க. எங்கம்மா காய்ச்சல்ல கெடக்கறப்ப, சத்தமா சிரிச்சுட்டே போனாங்க. அதுல ஒண்ணும் வெளியூர்க்காரங்க இல்ல. போகட்டும், உரிமைன்னா போகட்டும். ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'போகலாமா'ன்னு கேட்டதில்ல. ஹூபர்ட் கெடந்தப்பகூட அந்தப் படம் புடிச்சவன்தான் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டான். நீ அன்னிக்குப் பையோட நடந்து போனே. நீயும் கேட்டதில்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இருபத்தாறு வருஷமாகப் போயிருக்கிறேன், சீட்டாடப் போனதைச் சேர்க்காமல். கேட்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. கேட்டால் அவள் வேண்டாம் என்று சொல்லிவிட முடியும் என்பதே அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிப்ரவரியில் வெண்டெலின் போய்விட்டார். தூக்கத்தில், யாருக்கும் தொந்தரவில்லாமல். அந்த வாரம் பனி பெய்து, உருகி, திரும்ப உறைந்து, அருவிப் படி முழுக்கக் கண்ணாடியாகக் கிடந்தது. கடிதம் கொடுக்கவே காலணிக்கு அடியில் இரும்பு முள் கட்டிக்கொண்டு ஏறினேன். சவப்பெட்டியோடு இறங்குவது நடக்காத காரியம்.

அடக்கத்தன்று காலை ஒன்பது மணிக்கு நாங்கள் ஆறு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோஸ்வித்தா வீட்டு மேலைக் கதவு முன்னால் நின்றோம். முன்னால் தீயணைப்புப் படைத் தலைவர் ஓட்மார், பக்கத்தில் நான், பின்னால் நாலு பேர். கதவு பூட்டியிருந்தது. கீழே கோயில் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"அவளுக்குத் தெரியாதா இன்னிக்கு அடக்கம்னு? தொறந்து வச்சிருக்க வேணாமா?" என்று ஓட்மார் பல்லைக் கடித்தார்.

"நமக்கு உரிமை போயிடுச்சே" என்றான் பின்னாலிருந்து ஒருவன். "கயித்துல கட்டி எறக்கிடலாமா?"

"சுரங்கத்துக்காரர எறக்கிப் பழக்கம்தான். பெட்டில வச்சு எறக்கிப் பழக்கமில்ல."

"கதவ ஒரு உதை விட்டா?"

"மொதல்ல தட்டுங்கடா."

யார் தட்டுவது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் ஊரில் அந்தக் கதவை யாரும் தட்டியதே கிடையாது. தட்டிவிட்டு என்ன சொல்ல வேண்டும் என்று அஞ்சு பேருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. பெட்டியின் கனத்தை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு தட்டினேன்.

"யாரு?" உள்ளே கதவுக்கு அருகில்தான் குரல் கேட்டது.

"எகோன். கூட அஞ்சு பேர். வெண்டெலினும்."

"என்ன வேணும்?"

ஓட்மார் வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"வெண்டெலினக் கோயிலுக்குக் கொண்டுபோகணும், ரோஸ்வித்தா. உன் வீட்டு வழியா போகலாமா?"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு பூட்டுத் திரும்பியது.

"போகலாம்" என்றாள்.

கறுப்பு உடையில் நின்றாள். மாடிவழியில் ஒரு பொருள் இல்லை. கொடியை அவிழ்த்துவிட்டாள், பாட்டில்களை அகற்றிவிட்டாள், மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டாள். தரை கழுவித் துடைத்திருந்தது. முந்தின நாளே எல்லாம் செய்து வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறாள். நடுவில், அந்தச் சின்ன அறைக்கு நேரே, இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே கிடந்தன.

"கால் பக்கம் முதல்ல வரட்டும். உத்தரம் தாழ்வு, தலையப் பாத்துக்குங்க. இங்க கொஞ்சம் வச்சுட்டுப் போங்க."

நாற்காலிகள்மேல் பெட்டியை வைத்தோம். அவள் வந்து மூடியின்மேல் கையை வைத்தாள்.

"கேட்டுட்டு வந்திருக்கார்" என்றாள்.

அப்புறம் அழுதாள். ஹூபர்ட் போனபோது அழாதவள் அங்கே நின்று, இரண்டு கையையும் பெட்டிமேல் ஊன்றிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். நாங்கள் ஆறு பேரும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். ஓட்மார்கூட மணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோயிலுக்குக் கால் மணி நேரம் தாமதமாகத்தான் போனோம். பாதிரியார் முறைத்தார், முறைக்கட்டும்.

அடக்கம் முடிந்து விடுதியில் மாட்டிறைச்சிச் சூப் பரிமாறும்போது அவள் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். பெரியவர் போய்விட்டார், இனி வாயைத் திறக்கலாம். அன்றைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே அவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் சூப்பில் கிடந்த ரொட்டி உருண்டையைக் கரண்டியால் வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் மூச்சு விடலியே."

"அவருக்கு நெசமாவே கோபம்னா தவழ்ந்தாவது வந்திருப்பார். வரலன்னதும் புரிஞ்சுது. நன்றி சொல்லலாம்னு ரெண்டு தடவ அருவி வரைக்கும் போனேன். சொன்னா அவருக்குப் புடிக்காதுன்னு திரும்பிட்டேன்."

நாலு மாதம், ஒருவர் செய்த உபகாரம் மற்றவருக்குத் தெரிந்தே, இருநூறு படி இடைவெளியில் பேசாமல் இருந்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரால் முடியும்? எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. சூப்பைக் குடித்தேன்.

திங்கட்கிழமை காலை வியன்னாக்காரர் வீட்டுக்கு இரண்டு கடிதம் இருந்தன. பனி இன்னும் விடவில்லை. பக்கவாட்டுப் படி ஏறிக் கீழைக் கதவைத் தட்டினேன். ரோஸ்வித்தா மருத்துவமனைக்குக் கிளம்புகிற கோலத்தில், ஒரு கையில் சீப்போடு திறந்தாள்.

"மேல ரெண்டு கடிதம் இருக்கு, ரோசி. இப்படிப் போகலாமா?"

அவள் என்னைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். யோசித்தாள். நிதானமாக, முழுசாக யோசித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சுகத்தை நான் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்த்ததில்லை.

"இன்னிக்கு வேணாம் எகோன். தலை வாரிட்டிருக்கேன்" என்றாள்.

"சரி" என்று சொல்லிவிட்டு இரும்பு முள்ளைக் கட்டிக்கொண்டு சுற்றிப் போனேன். செவ்வாய்க்கிழமையும் கேட்டேன்.